மூன்றாம் நாள் மண்வெட்டி

செஞ்சியில் வாசுபூஜ்யன் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. உஜமா நயினார் வீடு என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேர் கை காட்டுவார்கள், அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே காட்டுவார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உஜமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அவர். ஊர்க்காரர்கள் பேச்சை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நயினார் என்பது அந்தப் பக்கத்தில் சமணர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்கிற பட்டம்.

உஜமா என்றால் சுவாஹிலியில் குடும்பமாக இருப்பது என்று பொருளாம். நிலம் எல்லாருக்கும் பொது, வேலை எல்லாருக்கும் பொது, ஒருத்தன் வீட்டில் உலை கொதித்தால் பக்கத்து வீட்டான் பட்டினி கிடக்கக் கூடாது. இதையெல்லாம் வாசுபூஜ்யன் தான்சானியாவில் பதினெட்டு வருஷம் இருந்து கண்ணால் பார்த்தவர். டாங்கா பக்கத்தில் கற்றாழை நார் எடுக்கிற பெரிய தோட்டம் ஒன்றில் அவருக்குக் கோடவுன் குமாஸ்தா உத்தியோகம். கடைசியில் அந்த நாட்டு அரசாங்கமே உஜமாதான் இனி நாட்டின் வழி என்று அறிவித்தது. தோட்டத்தை எடுத்துக்கொண்டது. கோடவுன் சாவி அந்த ஊர்க்காரர் ஒருவர் கைக்குப் போனது, நியாயம்தானே. நாடு முழுவதும் ஒரே குடும்பமானபோது, அந்தக் குடும்பத்தில் வாசுபூஜ்யனுக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

வேறு யாராவதாக இருந்தால் அந்தக் கொள்கையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டியிருப்பார்கள். இவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கப்பலேறினார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன புதிதில் ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். தோட்டத்து ஆட்கள் முறை வைத்து வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். கறி வெந்த பானை எனக்கு ஆகாது என்று இவர் சைகையில் சொன்னதும், ஒரு கிழவி புதுப்பானை வாங்கி வந்து தனியே வைத்தாளாம். காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார்ந்த மூன்றாம் நாள் இவரை மக்காச்சோளக் கொல்லைக்கு அழைத்துப்போய் கையில் மண்வெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அதுதான் வழக்கம். வந்தவனை இரண்டு நாள் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். மூன்றாம் நாள் மண்வெட்டி கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டால் அவன் அன்றிலிருந்து வீட்டு ஆள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வாசுபூஜ்யனின் கண் கலங்கும். கதையை எத்தனை தடவை சொன்னாலும் கலங்கும், பாவம், அதில் பொய்யே கிடையாது.

கேட்டுக் கேட்டு அவர் மனைவி ஜெயமாலாவுக்குத்தான் காது புளித்துப்போயிருந்தது. கைக்குழந்தை லீலாவதியையும், ராஜகிரி மலையடிவாரத்துக் கொல்லை நிலத்தையும், பாதிக் கிணற்றையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனவர் அவர். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தார். வந்த வேகத்தில் போனார். கிணற்றின் மற்ற பாதி பச்சமுத்து குடும்பத்துக்கு. அவர்கள் நாலு தலைமுறையாக அங்கே பயிர் வைக்கிற கவுண்டர்கள். ஊருக்குக் கரண்ட் வந்து, கிணற்றுக்கு மோட்டார் வைத்து, மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு, பெண்ணை வளர்த்து ஆளாக்கி, எல்லாம் ஜெயமாலா செய்தாள். இதற்கு என்ன பெயர் என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

ஊர் வந்த ஒரு மாதத்துக்குள் வாசுபூஜ்யன் பச்சமுத்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார்.

"கெணத்துத் தண்ணிய நாம பங்கு போட்டுக்கணும் பச்சமுத்து. ஒரு நாளு நீ, ஒரு நாளு நாங்க. மல்லாட்டை ஆயறதுக்கு உன் வீட்டுப் பொம்பளைங்க எங்க கொல்லைக்கி வரணும். எங்க வீட்டுப் பொம்பளைங்க உன் கொல்லைக்கிப் போவணும். அதான் உஜமா."

பச்சமுத்து ஜெயமாலாவைப் பார்த்தான். அவள் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தாள்.

"எங்கப்பன் காலத்துலேருந்து அப்பிடித்தான நயினாரே பண்ணினு இருக்கறோம்?"

"பண்றீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா தெரியாம பண்றீங்க. தெரிஞ்சி பண்ணணும்."

"செரி நயினாரே, இனிமே தெரிஞ்சே பண்றோம்" என்றான் பச்சமுத்து. சொன்ன சொல் தவறாமல் அன்று சாயந்திரமே அவருடைய டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மாதம் குடை போனது. அதற்கடுத்து கப்பலில் வந்த சைக்கிள் போனது. எப்போதாவது வாசுபூஜ்யன் தயங்கித் தயங்கிக் கேட்டால், "நம்ம சைக்கிள்தான நயினாரே, எங்க போயிடும்?" என்பான். அந்த "நம்ம" என்ற சொல்லைக் கேட்டதும் வாசுபூஜ்யனுக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்குமென்றால் போகட்டும் என்று ஜெயமாலாவும் விட்டுவிட்டாள். டார்ச்சும் குடையும் சைக்கிளும் இல்லாமல் பதினெட்டு வருஷம் ஓட்டியவள்தானே.

அவளுக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான், லீலாவதி கல்யாணம். சீயமங்கலத்து அஜிததாஸ் மகன் நேமிராஜுக்குக் கொடுப்பது என்று அவளும் நேமிராஜின் அம்மா தனலட்சுமியும் ரொம்ப நாளாகவே பேசி வைத்திருந்தார்கள். பையன் வந்தவாசியில் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா, தங்கமானவன். தனலட்சுமியோ கூடப் பிறந்தவள் மாதிரி. தடங்கல் வருவதாக இருந்தால் அஜிததாஸால்தான் வரும். நல்ல விவசாயி, விரதம் நியமம் தவறாதவர், எல்லாம் சரி. ஆனால் மரியாதையில் மயிரிழை குறைந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். திண்டிவனத்தில் வந்த ஒரு நல்ல சம்பந்தம் அப்படித்தான் போனது. இவரைக் கேட்காமல் இவருக்கு மோர் கொடுத்துவிட்டார்களாம்.

அந்தப் பங்குனி மாதம் அஜிததாஸும் தனலட்சுமியும் செஞ்சிக்கு வந்தார்கள். தாலுக்கா ஆபீஸில் பட்டா மாற்றுகிற வேலை ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டு, அமாவாசை நிறைந்த நாள் என்பதால் அன்று சாயந்திரம் தாம்பூலம் மாற்றிக்கொண்டு கிளம்புவது என்று ஏற்பாடு. திரயோதசியன்று வந்தார்கள். மறுநாள் சதுர்த்தசி, அஜிததாஸுக்கு முழு உபவாசம். அதற்கும் மறுநாள் அமாவாசை.

இந்தக் கணக்கை ஜெயமாலா விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். வாசுபூஜ்யனுக்குத் திதி கணக்கெல்லாம் கடல் தாண்டியதோடு சரி. அவர் வேறு ஒரு கணக்கு எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

கொல்லையில் அப்போது மல்லாட்டை அறுப்பு. நாலு நாளாகக் கரண்ட் இல்லை. தண்ணீர் பாய்ச்சி மண்ணை நெகிழ்த்திப் பிடுங்க வழியில்லாமல் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. சம்பந்திகள் வந்திருக்கிற நேரத்தில் அறுப்பா என்று ஜெயமாலா கையைப் பிசைந்தாள். தனலட்சுமி வந்த அன்றே புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "வூட்ல உக்காந்து இன்னாக்கா பண்ணப் போறேன்?" என்று செடிக் குவியலின் முன்னால் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குவியல் குறையக் குறைய, கல்யாணப் பேச்சில் மிச்சமிருந்ததெல்லாம் தீர்ந்தது. முகூர்த்தம், புடைவை, சமையல்காரர், யார் யாரைக் கூப்பிட்டால் யார் யார் வரமாட்டார்கள் என்பது வரைக்கும். வீட்டுக் கூடத்தில் ஆண்கள் இரண்டு பேரும் உஜமா பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியது வாசுபூஜ்யன். அஜிததாஸ் விருந்தாளியானபடியால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமாவாசை காலையில் தனலட்சுமியை லீலாவதியோடு கொல்லைக்கு அனுப்பிவிட்டு, ஜெயமாலா வீட்டில் அடுப்படியில் இருந்தாள். நேற்று முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர் இன்று விரதம் முடிக்க வேண்டும். பாசிப்பருப்புக் கஞ்சி இறக்கியாயிற்று. தண்ணீரை வடிகட்டிச் செம்பில் ஊற்றி, இலையைத் துடைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

குளித்து முழுகிப் பலகையில் உட்கார்ந்திருந்தார் அஜிததாஸ். அவர் எதிரே வாசுபூஜ்யன் ஒரு மண்வெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். மண்வெட்டி கழுவித் துடைத்திருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து, காம்பில் ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தது.

"சம்மந்தி, இன்னிக்கி மூணாம் நாளு" என்றார் வாசுபூஜ்யன். "இன்னியோட உங்க விருந்து முடிஞ்சிது. இந்தாங்க, புடிங்க."

எவ்வளவு அன்போடு சொன்னார் என்பது ஜெயமாலாவுக்குத் தெரியும். அது அஜிததாஸ் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதும் தெரியும். வெறும் வயிற்றில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம், கஞ்சி வருவதற்கு முன்னால் மண்வெட்டி வந்துவிட்டது.

அஜிததாஸ் மண்வெட்டியைப் பார்த்தார். கதம்பத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறினார்.

"ஒரு நாளு தின்னதுக்குக் கூலி வேலையா? செஞ்சில இதான் வயக்கமா?"

"அய்யோ, இல்ல சம்மந்தி, அங்க டாங்காவுல..."

"அந்த ஊர்லியே பொண்ணக் குடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டார். "அண்ணா, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்று ஜெயமாலா தெருமுனை வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வாசுபூஜ்யன் அதே இடத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "மரியாதைதான ஜெயமாலா செஞ்சேன்? எனக்கு அவங்க செஞ்ச மரியாதை" என்றார். முகம் தப்பு செய்த பிள்ளை முகமாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்ததை ஒரு முழம் பூவைச் சுற்றி உடைத்துவிட்டாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்க்கப் போனார்.

"அதக் கீழ வெக்காதீங்க."

"இன்னா?"

"நீங்க இந்த வூட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆவுது. உங்க மூணாம் நாளு எப்பவோ வந்துட்டுது. எடுத்துனு கொல்லைக்கி வாங்க."

கொல்லைக்கு வாசுபூஜ்யன் போகாதவர் அல்ல. தினமும் காற்று வாங்கப் போவார், வரப்பில் நின்று கூட்டு உழைப்பைப் பற்றி எடுத்துச் சொல்வார், வெயில் ஏறியதும் வந்துவிடுவார். ஜெயமாலாவின் பின்னால் மண்வெட்டியும் கையுமாகத் தெருவில் நடந்தபோது, அதில் சுற்றியிருந்த பூவை அவிழ்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பார்த்தவர்கள் ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள்.

நடந்ததைக் கேட்டதும் தனலட்சுமி தலையில் அடித்துக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தாள் ஜெயமாலா. தனலட்சுமி காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"எனக்கு யாருக்கா மூணு நாளு உட்டாங்க?" என்றாள். "மொத நாளே உக்காந்துட்டேன். இந்த மனுசனுக்கு மட்டும் கையில குடுத்தா மானம் போயிடுமா?"

"அவரு கையாலதான தனம் தாம்பூலம் மாத்தணும்? போயிட்டாருன்னா?"

"எப்பிடிப் போவாரு? இன்னிக்கி அமாவாச. ஊர்ல இருக்கற பஸ்ஸெல்லாம் மலையனூர் அம்மன் கோயிலுக்கு உட்டிருப்பான்."

அது உண்மைதான். ஆனாலும் ஜெயமாலாவுக்கு மனம் அடங்கவில்லை. ஏதாவது லாரி கிடைத்தால்? நடந்தே போய்விட்டால்? கை காயை ஆய்ந்தது, கண் ரோட்டிலேயே இருந்தது. சாயந்திரம் தாம்பூலம் மாறாவிட்டால் நாளைக்கு ஊர் ஒன்றுக்கு இரண்டாகப் பேசும். மண்வெட்டி கொடுத்த வீட்டுப் பெண் என்று லீலாவதிக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடும். லீலாவதி குவியலுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசுபூஜ்யன் கொத்திக்கொண்டிருந்தார். அவருடைய கொத்தில் கோபம் இருந்தது, வருத்தம் இருந்தது, பழக்கம் மட்டும் இல்லை.

பச்சமுத்து அவ்வப்போது அந்த ஆப்பிரிக்கா சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சேதி சொன்னான். சம்பந்தி நிழலில் நிற்கிறார். சம்பந்தி பஸ் வர வர எட்டி எட்டிப் பார்க்கிறார், எல்லாம் மேல்மலையனூர் ஸ்பெஷல். ஓட்டல்காரர் கூப்பிட்டும் சம்பந்தி உள்ளே போகவில்லை.

"எப்பிடிப் போவாரு?" என்றாள் தனலட்சுமி. "வெங்காயம் பூண்டு வெந்த எடத்துல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரே." இந்தத் தடவை அவள் கை நின்றுவிட்டது. நேற்று முழுக்கப் பட்டினி, இன்று இவ்வளவு நேரம். பொழுது சாய்ந்துவிட்டால் சமணர்கள் சாப்பிடமாட்டார்கள். அப்புறம் நாளை விடிந்தால்தான் தண்ணீர்கூட. அவளுக்கும் கண்ணில் நீர் முட்டியது. "போயி இட்டாந்துடு பச்சமுத்து. நான் கூப்ட்டன்னு சொல்லாத."

செஞ்சியில் பொழுது மற்ற ஊர்களை விட முன்னாடியே இறங்கும். மேற்கே ராஜகிரி இருக்கிறதே, அதன் பின்னால் சூரியன் போய்விட்டால் வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. உள்ளூர்ச் சமணர்கள் அதற்குத் தகுந்தபடி சாப்பிட்டுவிடுவார்கள். சீயமங்கலத்துக்காரருக்கு அது தெரியாது. இன்னும் நேரமிருக்கிறது என்று வீம்பாக நின்றவர், சூரியன் கோட்டை மதிலை நோக்கி வேகமாக இறங்குவதைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டார். பச்சமுத்து போய்ச் சைக்கிளை நிறுத்தியபோது யார் அனுப்பினார்கள் என்றுகூடக் கேட்கவில்லையாம்.

கேரியரில் உட்கார்ந்தபடி கொல்லைக்கு வந்து இறங்கினார் அஜிததாஸ்.

"துண்ட மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்" என்றார்.

துண்டு அவர் தோளில்தான் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஜெயமாலா இலையைப் போட்டாள், தனலட்சுமி மத்தியானமே எடுத்து வைத்திருந்த சோற்றைத் தூக்கிலிருந்து வைத்தாள். அவர் உட்கார்ந்து, மலையை ஒரு கண்ணாலும் இலையை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சாப்பிட்டார். கடைசி வாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சூரியன் மதிலுக்குப் பின்னால் போகவும் சரியாக இருந்தது.

வயிறு நிறைந்த பிறகுதான் அவருக்குக் கொல்லை கண்ணில் பட்டது. வாசுபூஜ்யன் கொத்திப் போட்ட பாத்தியைப் பார்த்தார். செடி ஒரு பக்கம் கிடந்தது. அறுபட்ட காயெல்லாம் மண்ணில் கிடந்தது. அவர் முகம் காலையில் மண்வெட்டியைப் பார்த்தபோதுகூட அப்படி மாறவில்லை.

"யோவ், இன்னாய்யா பண்ற? காய வெட்டினு இருக்கற!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினார். சம்பந்தி என்ற மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. "எட்டிப் போட்டுக் கெல்லணும்யா, செடி மேலியா போடுவாங்க? குடு இப்பிடி." மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். பாத்தி முடிகிற வரை நிமிரவில்லை. திட்டுவதையும் நிறுத்தவில்லை. "பாத்தியா, இப்பிடி. மண்ணோட தூக்கு. பாத்தியா?" வாசுபூஜ்யன் பின்னாலேயே நடந்து செடியை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

பாத்தி முடிந்ததும் வாசுபூஜ்யனுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. "இதான் சம்மந்தி உஜ..." என்று ஆரம்பித்தார். ஜெயமாலா ஒரு பார்வை பார்த்தாள். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

இருட்டுவதற்குள் லீலாவதியை ஓட விட்டு வெற்றிலை பாக்கு பழமெல்லாம் எடுத்து வரச் சொன்னார்கள். காலையிலிருந்து தலை நிமிராத பெண் அப்போது ஓடிய ஓட்டம் இருக்கிறதே! தட்டை எடுக்க மறந்துவிட்டாள். காய் புடைக்கிற முறத்திலேயே வைத்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். மல்லாட்டை நல்ல விளைச்சல் என்று மட்டும் சொன்னார் அஜிததாஸ்.

சம்பந்திகள் முன்னால் போக, ஜெயமாலாவும் வாசுபூஜ்யனும் கொஞ்சம் பின்தங்கி நடந்தார்கள். அவர் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. அவள் பார்த்தாள். முந்தானையைக் கிழித்துச் சுற்றலாமா என்று தோன்றியது, இன்னும் நாலு நாள் கொத்தினால் கை காய்த்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

"அங்க மூணாம் நாளே குடுத்துட்டாங்க" என்றார் அவர். "நீ ஏன் ஜெயமாலா எட்டு மாசம் குடுக்கல?"

மலையடிவாரத்து முள்வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள்.

"ரெண்டு தபா வந்தீங்க, ரெண்டு தபாவும் போயிட்டீங்க" என்றாள். "இந்தத் தபா இருக்கறவரா போறவரான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"